ஒரே பொருளை விற்கும் சின்ன நாடுகள் தமக்குள் என்ன வியாபாரம் செய்துவிட முடியும்?

கேள்வி | மார்ச் 3, 2025

பால்டிக் கடலோரத்தில் மூன்று நாடுகள். எஸ்டோனியாவில் ஏறக்குறைய 14 லட்சம் பேர். லாட்வியாவில் 19 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. லித்துவேனியாவில் 29 லட்சம். மூன்றையும் கூட்டினாலும் சென்னை மாநகரத்தின் மக்கள்தொகையைத் தாண்டாது. மூன்று நாடுகளிலும் மரம், பால், தானியம், துறைமுகம். ஒரே சரக்கை அடுக்கி வைத்திருக்கும் மூன்று கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதை விற்பார்கள்? பால்டிக் நாடுகளின் வர்த்தக ஒத்துழைப்பு, முதலீட்டு ஒத்துழைப்பு என்பதெல்லாம் அமைச்சர்கள் கைகுலுக்கும் படத்தோடு முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். அங்கே இருப்பவர்கள் மறுக்க முடியுமானால் மறுக்கலாம்.

மார்ச் 3, இரவு

மறுக்கிறேன். லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் இருக்கிறேன். அரிசி, பருப்பு, மசாலா, அப்பளம் இறக்குமதி செய்து மூன்று நாடுகளுக்கும் அனுப்பும் ஒரு கிடங்கில் வேலை. லாட்வியாவின் ஏற்றுமதியை முதலில் வாங்குவது ஜெர்மனி என்றோ ஸ்வீடன் என்றோ வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். முதலிடம் லித்துவேனியாவுக்கு. இரண்டாமிடம் எஸ்டோனியாவுக்கு. இரண்டும் சேர்ந்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாங்குகின்றன.

ஒரே பொருள் என்கிறீர்கள். பாலையே எடுத்துக்கொள்வோம். லாட்வியாவிலும் எஸ்டோனியாவிலும் கறக்கும் பாலில் ஒரு பகுதி டேங்கர் லாரி ஏறி லித்துவேனியாவின் பெரிய பாலாலைகளுக்குப் போகிறது. அங்கே சீஸாகவும் வெண்ணெயாகவும் மாறி இங்குள்ள கடை அலமாரிக்குத் திரும்பி வருகிறது. மூன்று நாட்டிலும் பால் இருக்கிறது. பெரிய ஆலை எல்லா இடத்திலும் இல்லை. வியாபாரம் அங்கேதான் பிறக்கிறது. லாட்விய விவசாயிக்கு இதில் மகிழ்ச்சி இல்லை, அது வேறு கதை. லாபம் தரும் வேலையெல்லாம் எல்லைக்கு அப்பால் நடக்கிறதே என்ற ஆதங்கம் அவருக்கு இருக்கிறது. அது நியாயமான ஆதங்கம் என்றே நானும் கருதுகிறேன்.

மார்ச் 4

நேற்று எழுதிய நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கைப் பற்றிக் கூடுதலாக ஒரு சொல். அதை அப்படியே விழுங்க வேண்டாம். இந்தியாவிலிருந்து ரீகாவுக்கு வந்து, எங்கள் கிடங்கில் இறங்கி, மறுபடி ஏறி எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்துக்குப் போகும் பாஸ்மதி பாலட்டும் (மூட்டைகளை அடுக்கிய மரத்தட்டு) புள்ளிவிவரத்தில் லாட்வியாவின் ஏற்றுமதிதான். பன்னாட்டு நிறுவனங்கள் மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே கிடங்கு வைக்கின்றன. ரீகா நடுவில் இருப்பதால் பல கிடங்குகள் இங்கே. எனவே இந்த எண்ணில் ஒரு பங்கு, கடந்துபோகும் சரக்கு.

அதற்காக அதைப் பொய்க் கணக்கு என்று தள்ளவும் நான் உடன்பட மாட்டேன். கிடங்கில் வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது, வரி இருக்கிறது, லாரி இருக்கிறது. என் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது.

மார்ச் 6

ஒரு வாசகர் தனிச்செய்தியில், "இதெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தால் வந்தது, அண்டை நாட்டு ஒத்துழைப்பால் அல்ல" என்கிறார். பாதி சரி. மறுபாதிக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1989 ஆகஸ்ட் 23 அன்று எஸ்டோனியத் தலைநகர் தாலினிலிருந்து ரீகா வழியாக லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ் வரை அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலாக சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டு மக்கள் கைகோத்து நின்றார்கள். ஏறக்குறைய 20 லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படி நின்ற மூன்று நாடுகள் விடுதலை பெற்றதும் ஒரே சந்தையாகிவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆகவில்லை. ஒவ்வொன்றும் மேற்கு நோக்கி ஓடியது, அண்டை வீட்டாரைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

பணத்தைப் பாருங்கள். எஸ்டோனியா 1992-ல் தன் நாணயமான குரோனின் மதிப்பை ஜெர்மன் மார்க்கோடு கட்டியது. லித்துவேனியா 1994-ல் லிட்டாஸை அமெரிக்க டாலரோடு கட்டியது. லாட்வியா அதே ஆண்டு லாட்ஸைப் பன்னாட்டு நிதியத்தின் எஸ்டிஆர் என்ற கூட்டு அலகோடு கட்டியது. மூன்று அண்டை நாடுகள், மூன்று வெவ்வேறு நங்கூரம். டாலரும் மார்க்கும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தபோதெல்லாம் அண்டை நாட்டுச் சரக்கின் விலையும் நகர்ந்தது. இதில் ஆறு மாதக் கடனுக்கு எப்படி வியாபாரம் செய்வது?

ஆனாலும் 1993 செப்டம்பரில் பால்டிக் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகி 1994 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வேளாண் பொருள்களைத் தொடவில்லை. சண்டையே அங்கேதான். எஸ்டோனியா அப்போது ஏறக்குறைய எதற்கும் இறக்குமதித் தீர்வை வசூலிக்காத நாடு. லாட்வியாவும் லித்துவேனியாவும் தங்கள் விவசாயிகளைக் காக்கச் சுவர் எழுப்பியிருந்தன. வெளியிலிருந்து மலிவாக வந்த உணவுப்பொருள் எஸ்டோனியா வழியாகத் தங்கள் சந்தைக்குள் நுழைந்துவிடும் என்று அஞ்சின. எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்றிதழ் விதிகளைக் கறாராக எழுதி, 1996-ல் வேளாண் ஒப்பந்தத்தையும் முடித்து, 1997 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் கையில் வைத்துக் கொடுத்தது அல்ல இது.

பிறகு 1998-ல் ரஷ்யப் பொருளாதாரம் சரிந்தது. கிழக்கே போய்க்கொண்டிருந்த இறைச்சியும் பாலும் திரும்பி வந்து அண்டைச் சந்தையில் குவிந்தன. 1999-ல் லாட்வியா பன்றி இறைச்சி இறக்குமதிக்குக் கடும் கூடுதல் தீர்வை போட்டது. எஸ்டோனியாவுக்கும் லித்துவேனியாவுக்கும் விலக்கு இல்லை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே! கைகோத்து நின்ற பத்தாம் ஆண்டில்.

நிலைமை சரியாக இருக்கும் வரை எல்லாரும் ஒப்பந்தத்தை மதிப்பார்கள். பண்ணைக்காரர் தலைநகரத்துக்கு வந்து நின்றால் அமைச்சர் யார் பக்கம் சாய்வார் என்பதுதான் சோதனை.

மார்ச் 7

அந்த ஒப்பந்தம் இப்போது இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இல்லை. 2004 மே 1 அன்று மூன்று நாடுகளும் ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது. யூரோ வந்தது எஸ்டோனியாவில் 2011, லாட்வியாவில் 2014, லித்துவேனியாவில் 2015.

மார்ச் 11

தீர்வை இல்லை, எல்லைச்சாவடி இல்லை, பணம் ஒன்று. அப்படியானால் ஒரே சந்தைதானே? கிடங்குக்கு வந்து பாருங்கள்.

உணவுப்பொருளின் லேபிள் அந்தந்த நாட்டின் ஆட்சிமொழியில் இருந்தாக வேண்டும். எஸ்டோனிய மொழி ஃபின்னிஷ் மொழியின் உறவு. லாட்வியமும் லித்துவேனியமும் தம்முள் உறவுடையவை, ஆனால் ஒன்றைப் படித்தவர் மற்றதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. கையகல மிளகாய்த்தூள் பொட்டலத்தில் மூன்று மொழியிலும் சேர்மானம், ஒவ்வாமை எச்சரிக்கை, இறக்குமதியாளர் முகவரி எல்லாவற்றையும், படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். பொட்டலத்தின் பின்பக்கம் முழுவதும் மூடிப்போகும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பொருளில் சமைக்கும் முறை அச்சிட்டிருக்கும் இடம் அதுதான். அதன் மேலேயே ஒட்டுகிறோம், வேறு வழியில்லை.

பானம் என்றால் இன்னொரு சுற்று. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை முறை எஸ்டோனியாவில் 2005-லும், லித்துவேனியாவில் 2016-லும், லாட்வியாவில் 2022-லும் தொடங்கியது. மூன்றிலும் தொகை பத்து சென்ட். பாட்டிலும் அதே பாட்டில். ஆனால் மூன்று தனித்தனி முத்திரை, மூன்று தனித்தனி பதிவு, மூன்று தனித்தனி கணக்கு. எஸ்டோனிய முத்திரை மட்டும் உள்ள சோடா பாட்டிலை ரீகா இயந்திரத்தில் போட்டால் வெளியே தள்ளிவிடும். பெரிய பான நிறுவனங்கள் ஒரே கேனில் மூன்று முத்திரையையும் அச்சிட்டு முடித்துக்கொள்கின்றன. எங்களைப் போன்றவர்கள் எந்த நாட்டுக்கு எத்தனை பாலட் என்று முன்கூட்டியே தீர்மானித்து ஒட்ட வேண்டும். லித்துவேனியா என்று முத்திரை ஒட்டிய பானம் அங்கே விற்கவில்லை, ரீகாவில் அதற்கு ஆள் இருக்கிறது என்றால் ஒவ்வொரு பாட்டிலாக உரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அந்த வேலையைக் கோடை முழுவதும் செய்திருக்கிறேன். பசை விரலை விட்டுப் போகாது.

மார்ச் 12

"லேபிள் எல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய நாட்டில் இருந்துகொண்டு கேட்கும் கேள்வி.

பதிவுக்கட்டணம், லேபிள் வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, பரிசோதனை, இவையெல்லாம் எத்தனை பெட்டி விற்றாலும் மாறாத செலவு. எட்டுக் கோடிப் பேர் உள்ள ஜெர்மனியில் அந்தச் செலவு கோடிக்கணக்கான பொட்டலத்தில் பிரிந்து காணாமல் போகும். 14 லட்சம் பேர் உள்ள எஸ்டோனியாவில் எத்தனை பேர் கடுகு வாங்குவார்கள்? ஒரு பெட்டியின் லாபத்தை லேபிளே தின்றுவிடும். அதனால் கொண்டுவருவதில்லை. கொண்டுவராத பொருள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இழப்பாகப் பதிவாகாது. சிறு சந்தையின் நோயே இதுதான், கண்ணுக்குத் தெரியாது.

முடியாத காரியமும் அல்ல. மருந்தில் செய்திருக்கிறார்கள். மூன்று மொழியும் ஒரே அட்டைப்பெட்டியில் இருக்கும் 'பால்டிக் பொதி' மருந்துக்கடைகளில் சாதாரணம். அது இல்லாவிட்டால் அரிய மருந்துகளை எந்த நிறுவனமும் இங்கே பதிவுசெய்ய முன்வராது. மருந்துகளைச் சேர்ந்து கொள்முதல் செய்ய 2012-ல் மூன்று நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அதன்கீழ் லாட்வியாவும் எஸ்டோனியாவும் ரோட்டாவைரஸ் தடுப்பூசியைச் சேர்ந்து வாங்கியிருக்கின்றன. மருந்துப் பெட்டியில் முடிந்தது சோடா பாட்டிலில் ஏன் முடியவில்லை? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

மார்ச் 19

கோபம் என்றதும் நினைவுக்கு வருவது தண்டவாளக் கதை. இதை அறியாமல் பால்டிக் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

லித்துவேனியாவின் வடமேற்கில் மஜேய்கியாய் என்ற ஊர். பால்டிக் நாடுகளில் உள்ள ஒரே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அங்கே. போலந்தின் ஓர்லென் நிறுவனத்துடையது. அங்கிருந்து லாட்வியாவின் ரெங்கே என்ற ஊருக்கு நேராக ஒரு ரயில்பாதை. ஆலைக்கும் லித்துவேனிய அரசுக்குச் சொந்தமான ரயில் நிறுவனத்துக்கும் கட்டணத் தகராறு. ஆலை, சரக்கை லாட்விய ரயில் வழியாக அனுப்பலாமா என்று யோசிக்கத் தொடங்கியது. 2008 செப்டம்பரில் பாதை பழுதாகிவிட்டது என்று போக்குவரத்தை நிறுத்தினார்கள். அக்டோபரில் 19 கிலோமீட்டர் தண்டவாளத்தையும் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

மறுபடி படியுங்கள். இரண்டுமே ஐரோப்பிய ஒன்றிய நாடுகள். 2007 டிசம்பரில் ஷெங்கன் என்ற தடையற்ற பயண ஏற்பாடு வந்து எல்லைச்சாவடிகளை அகற்றி ஓராண்டுகூட ஆகவில்லை. மனிதர்கள் தாராளமாகப் போகலாம் என்று திறந்த எல்லையில் சரக்கு போகும் இரும்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மார்ச் 20

நேற்றைய கதையின் மீதி. லாட்விய வழியில் சரக்கு போக வேண்டுமானால் இனி நீண்ட சுற்றுப்பாதை. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் விசாரித்து, 2017 அக்டோபரில் அந்த ரயில் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 2.8 கோடி யூரோ அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2020-ல் அது ஏறக்குறைய 2 கோடியாகக் குறைந்தது. தவறு நடந்தது என்ற முடிவு மாறவில்லை. பாதையைத் திரும்ப அமைத்து 2020-ல் மறுபடி ரயில் ஓட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள்!

"ஆணையம் இல்லையென்றால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தண்டவாளம் இன்றும் இருந்திருக்காது. 1999-ன் இறைச்சித் தீர்வைக்கும் இதற்கும் வேறுபாடு அங்கேதான். அன்று மூன்று பேரும் சமம், மேலே தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. சின்ன அண்டை நாடுகளுக்கு ஒப்பந்தத்தைவிட, அதை மீறினால் இருவருமே அஞ்சும் நடுவர் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் தந்த சலுகைகளில் நான் முதலில் வைப்பது அதைத்தான். மானியப் பணத்தைக்கூட அதற்குப் பிறகுதான் வைப்பேன்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், துறைமுகம். லித்துவேனியாவின் கிளைபேடா, லாட்வியாவின் வென்ட்ஸ்பில்ஸ், ரீகா, எஸ்டோனியாவின் தாலின் நான்கும் பல ஆண்டுகள் ஒரே ரஷ்ய, பெலாரூஸ் சரக்குக்காகக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டி போட்டன. கட்டணத்தைக் குறைத்ததன் ஆதாயம் யாருக்குப் போனது? சரக்குக்காரருக்கு. அந்தச் சரக்கும் இப்போது பெரும்பாலும் இல்லை.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர், வெற்றிபெற்ற ஒன்றையாவது காட்டுங்கள் என்கிறார். மின்சாரம்.

2025 பிப்ரவரி 8 காலையில் மூன்று நாடுகளும் ரஷ்யா, பெலாரூஸ் மின்கட்டமைப்பிலிருந்து ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. ஒரு நாளுக்கும் மேலாகத் தனித்து இயங்கிவிட்டு, 9-ஆம் தேதி போலந்து வழியாக ஐரோப்பாக் கண்டத்தின் மின்கட்டமைப்போடு இணைந்தன. அந்த வார இறுதியில் இங்கே பலர் பவர்பேங்க், மெழுகுவத்தி எல்லாம் வாங்கி வைத்தோம். விளக்கு ஒரு முறைகூட மினுங்கவில்லை. மூவரில் ஒருவர் பின்வாங்கியிருந்தாலும் நடந்திருக்காது.

இதே மின்சாரத்தில்தான் பெரிய தோல்வியும் இருக்கிறது. லித்துவேனியாவின் இக்னாலினா அணுமின் நிலையம், ஒன்றியத்தில் சேர்வதற்கான நிபந்தனையாக, 2009 கடைசியில் முழுவதுமாக மூடப்பட்டது. அதன் அருகில் விசாகினாஸில் புதிய நிலையம் ஒன்றை அண்டை நாடுகள் சேர்ந்து கட்டுவதாகத் திட்டம். ஜப்பானின் ஹிட்டாச்சி முதலீட்டாளராக வர இருந்தது. யாருக்கு எத்தனை பங்கு, எத்தனை மின்சாரம் என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு. 2012 அக்டோபரில் லித்துவேனியாவில் கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு நடந்தது. 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். திட்டம் அப்படியே படுத்துவிட்டது.

எரிவாயுவும் அப்படித்தான். கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் வட்டாரத்துக்கு ஒன்று போதும் என்று எல்லாருக்கும் தெரியும். அது தன் கரையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் பிடிவாதம். கடைசியில் லித்துவேனியா தன் செலவிலேயே கிளைபேடாவுக்கு 'இண்டிபெண்டன்ஸ்' என்ற மிதக்கும் முனையக் கப்பலை 2014 அக்டோபரில் கொண்டுவந்தது. கப்பல் வருவதற்கு முன்பே, அந்த ஆண்டிலேயே, ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் லித்துவேனியாவுக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தது. ஒரு சின்ன நாடு வேறு கடை இருக்கிறது என்று காட்டியதும் என்ன நடந்தது, பார்த்தீர்களா?

2022-க்குப் பிறகு லாட்வியாவுக்கும் எஸ்டோனியாவுக்கும் எரிவாயு வருவது அந்த முனையம் வழியாகத்தான், பெருமளவில். கோடையில் வாங்கிக் குளிர்காலத்துக்குச் சேமிக்கும் நிலத்தடிக் கிடங்கு மூன்று நாடுகளில் ஒன்றில்தான் இருக்கிறது: லாட்வியாவில், ரீகாவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், இன்சுகால்ன்ஸில். ஒருவரிடம் வாசல், இன்னொருவரிடம் களஞ்சியம்.

ஏப்ரல் 3

இரவு முழுவதும் யோசித்தேன். மின்சாரம் ஜெயித்ததற்கு ரஷ்யாவைப் பற்றிய அச்சம்தான் காரணம் என்று நேற்றைய குறிப்பைப் படிப்பவர்கள் முடிவுகட்டக் கூடும். அச்சம் எரிவாயுவிலும் இருந்தது, 2014-க்கு முன்பும் இருந்தது. அங்கே ஏன் உதவவில்லை?

பணத்தைப் பிரிக்கும் சூத்திரம்தான் காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எஸ்டோனியா, லாட்வியா, ஃபின்லாந்து மூன்றும் 2020 ஜனவரி முதல் எரிவாயுக் குழாய்க்கு ஒரே கட்டண மண்டலமாயின. நடுவிலுள்ள எல்லைகளில் கட்டணம் இல்லை, வாசலில் ஒரு முறை வாங்கி, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வார்கள். லித்துவேனியா பேச்சில் இருந்தது, சேரவில்லை. பங்கு தனக்குக் கட்டுபடியாகவில்லை என்று கருதியது. எதிரி அவர்களுக்கும் அதே எதிரிதான். மின்கட்டமைப்பு இணைப்பில் செலவின் பெரும்பகுதியை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது, பங்கிட வேண்டியது குறைவு.

ஆகவே கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும்: முனையம் யார் கரையில் இல்லையோ அவருக்கு என்ன கிடைக்கும்? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத கூட்டுத் திட்டம் எதையும் நான் நம்புவதில்லை.

2022-ல்கூட இதே கதைதான். எஸ்டோனியா தன் பல்டிஸ்கி துறைமுகத்தில் அவசர அவசரமாக இறங்குதுறை கட்டியது. மிதக்கும் முனையக் கப்பல் கடலைக் கடந்து ஃபின்லாந்தின் இன்கோவில் போய் நின்றது.

ஏப்ரல் 15

கனமான பேச்சு போதும், பீருக்கு வருவோம். நான் குடிப்பதில்லை, லாரி ஓட்டுநர்கள் சொல்லித்தான் இதில் எனக்கு ஆர்வம் வந்தது.

வல்கா, வால்கா என்று எல்லையில் ஒரு இரட்டை ஊர். 1920-ல் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டீபன் டாலன்ட்ஸ் ஊருக்கு நடுவே கோடு கிழித்தார். ஒரு பாதி எஸ்டோனியா, மறுபாதி லாட்வியா. 2017 ஜூலையில் எஸ்டோனியா பீர் மீதான கலால் வரியை 70 சதவீதம் உயர்த்தியது. எஸ்டோனியர்கள் தெருவைக் கடந்து லாட்வியப் பக்கம் வாங்கத் தொடங்கினார்கள். எல்லையோரம் மதுக்கடைகள் முளைத்தன. பல ஆண்டுகளாகத் தாலினுக்குக் கப்பலேறி வந்து மலிவாகப் பெட்டி பெட்டியாக வாங்கிப்போன ஃபின்லாந்துக்காரர்களும் காரை லாட்வியா வரை ஓட்டிவந்தார்கள்.

2019 ஜூலையில் எஸ்டோனியா வரியை 25 சதவீதம் குறைத்தது. வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று லாட்வியா அடுத்த மாதமே கடும் மதுவகைகளின் வரியை 15 சதவீதம் குறைத்தது.

எல்லை திறந்துவிட்டால் அண்டை நாட்டு நிதியமைச்சரும் உங்கள் நிதியமைச்சராகிவிடுகிறார். வரியைக் கலந்து பேசாமல் உயர்த்தினால் வருவாய் எல்லை தாண்டிப் போகும். தனிமனித இறையாண்மை, தேச இறையாண்மை என்றெல்லாம் இதற்கு விளக்கம் எழுதினார்கள். எல்லையோரக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் எஸ்டோனிய எண் பலகைகளை எண்ணினாலே விளங்கும்.

மே 9

முதலீடு பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். நேற்று ஒருவர் கேட்டுவிட்டார்.

தனியார் நிறுவனங்கள் அரசுகளுக்கு முன்பே மூன்று நாட்டையும் ஒரே சந்தையாக எண்ணிவிட்டன. லித்துவேனியாவின் மேக்சிமா பல்பொருள் கடைகள் இங்கே தெருவுக்குத் தெரு. ரிமி என்ற இன்னொரு கடைச் சங்கிலியின் பால்டிக் தலைமையகம் ரீகாவில். மூன்று நாட்டுக் கடைகளையும் சேர்த்தே டென்மார்க்கின் சாலிங் குழுமம் வாங்க முன்வந்தது. தனித்தனியாக விற்றிருந்தால் அந்த அளவு வாங்குபவர் வந்திருப்பாரா? லுமினோர் வங்கி தாலினைத் தலைமையகமாக்கி, மற்ற இரு நாட்டு வங்கிகளையும் 2019-ல் கிளைகளாக மாற்றிக்கொண்டது. லாட்வியாவில் எஸ்டோனிய முதலீடு இத்தனை என்ற எண்ணைப் பார்க்கும்போது, தாலின் வழியாக வரும் வெளிநாட்டுப் பணமும் அதில் இருப்பதை மறக்க வேண்டாம்.

அரசுகள் செய்ததில் எனக்குப் பிடித்தது 2012-ல் வந்த பால்டிக் புத்தாக்க நிதி. மூன்று நாடுகளும் தலா 2 கோடி யூரோ, ஐரோப்பிய முதலீட்டு நிதியம் 4 கோடி, ஆக 10 கோடியில் தொடங்கியது. நாட்டுக்கு நாடு அளவு வேறு, ஆனால் பங்கு சமம். பணத்தைத் தொழில்முறை நிதி மேலாளர்கள் கையில் கொடுத்து, நல்ல நிறுவனம் எங்கே இருக்கிறதோ அங்கே போட விட்டார்கள். என் பணம் என் ஊருக்கே வர வேண்டும் என்று மூவரும் பிடிவாதம் பிடித்திருந்தால் அது மூன்று சின்ன உண்டியலாகச் சிதறியிருக்கும்.

பங்குச்சந்தையிலும் தாலின், ரீகா, வில்னியஸ் மூன்றும் நாஸ்டாக் என்ற பன்னாட்டுப் பங்குச்சந்தை நிறுவனத்தின் கீழ் ஒரே பட்டியலாக நடக்கின்றன. பங்குகளைப் பதிவுசெய்யும் வைப்பகமும் 2017-ல் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் இங்குள்ள ஓய்வூதிய நிதிகளின் பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சந்தைகளுக்குத்தான் போகிறது. உள்ளூர் நிறுவனங்களில் பங்கு வாங்கினால் நினைத்த நேரத்தில் விற்க முடியாது, வாங்க ஆள் இருக்க மாட்டார். சின்னச் சந்தைகளை ஒட்டவைத்தாலும் இந்தக் குறை முழுவதும் தீர்ந்துவிடாது.

மே 22

"இலங்கையும் இந்தியாவும் செய்ததைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர். அது வேறு வகை. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் பெருகின. பாமாயிலை அங்கே குறைந்த தீர்வையில் இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்திய ஆலைக்காரர்கள் கூக்குரலிட்டதும் இந்தியா அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆலைகள் சுருண்டன. மிகப் பெரியவரும் மிகச் சிறியவரும் கூட்டுச் சேரும்போது கதவு பெரியவர் கையில். பால்டிக்கில் லித்துவேனியா மூத்தவர்தான், ஆனால் மற்ற இருவரை அடக்கும் அளவு இல்லை. எனவே இங்கிருந்து பாடம் எடுத்து அங்கே அப்படியே ஒட்ட நான் துணிய மாட்டேன்.

ஜூன் 10

மூன்று நாடுகளையும் போலந்தோடு இணைக்கும் புதிய ரயில்பாதைத் திட்டமான ரயில் பால்டிக்கா பற்றி விட்டுவிட்டேன் என்கிறார்கள். விடவில்லை, தள்ளிப்போட்டேன். எழுதினால் மனம் கசக்கும்.

தாலினிலிருந்து ரீகா, காவ்னாஸ் வழியாகப் போலந்து எல்லை வரை 870 கிலோமீட்டர். இப்போதுள்ள பாதை சோவியத் காலத்து 1,520 மில்லிமீட்டர் அகலம், புதியது ஐரோப்பாவின் 1,435. கூட்டு நிறுவனத்தை 2014-ல் ரீகாவில் அமைத்தார்கள். 2017-ல் செலவு ஏறக்குறைய 580 கோடி யூரோ என்றார்கள். 2024-ல் முழுத்திட்டத்துக்கு ஏறக்குறைய 2,400 கோடி என்கிறார்கள். 2030-க்குள் முதற்கட்டமாவது ஓட வேண்டும் என்பது இலக்கு. மூன்று நாட்டுத் தணிக்கைத் துறைகளும் சேர்ந்து எச்சரித்துவிட்டன.

கூட்டு நிறுவனம் ஒன்று, நிலம் எடுப்பதும் ஒப்பந்தம் விடுவதும் அந்தந்த நாட்டு அமைப்பு. வில்னியஸைச் சேர்க்க வேண்டும் என்று லித்துவேனியாவும், ரீகா நிலையத்தைப் பிரமாண்டமாகக் கட்ட வேண்டும் என்று லாட்வியாவும் நின்ற காலத்தில் பொதுப்பாதை காத்துக்கிடந்தது. ரீகா நடுவில் ஆற்றுக்குள் பாலத்தின் தூண்கள் நிற்கின்றன, மேலே பாலம் இல்லை. வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. இருந்தும் கைவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரக்கு அனுப்ப, கப்பலும் லாரியும் தவிர எங்களுக்கு ஐரோப்பாவோடு நேரான வழி அதிகம் இல்லை.

இதற்கிடையில் ஒரு நல்ல செய்தி, பழைய தண்டவாளத்திலேயே. 2023 டிசம்பரிலிருந்து வில்னியஸிலிருந்து ரீகாவுக்கு நேரடிப் பயணிகள் ரயில் ஓடுகிறது. புதிதாக ஒரு கிலோமீட்டர்கூட அமைக்கவில்லை. இரண்டு நாட்டு ரயில்காரர்கள் உட்கார்ந்து கால அட்டவணை போட்டார்கள், அவ்வளவுதான்.

ஜூலை 2

எஸ்டோனியாவில் நேற்று முதல் மதிப்புக்கூட்டு வரி 24 சதவீதம். லாட்வியாவிலும் லித்துவேனியாவிலும் 21. விலைப்பட்டியல் எல்லாவற்றையும் மாற்றி அனுப்பியதில் இரண்டு நாளாக இங்கே வர முடியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து எழுதியவருக்கு, மூன்று நாட்டிலும் இட்லி மாவு, உறைந்த பரோட்டா விற்க நினைக்கிறீர்கள், நிறுவனத்தை எங்கே பதிவுசெய்வது என்று கேட்டிருந்தீர்கள். லாபத்தைப் பங்காக எடுக்கும்போது மட்டும் வரி என்ற முறை எஸ்டோனியாவில் 2000 முதல் இருக்கிறது, லாட்வியா 2018-ல் அதையே எடுத்துக்கொண்டது. அந்த வகையில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. பதிவை எஸ்டோனியாவில் இணையத்திலேயே முடிக்கலாம் என்று எல்லாரும் அங்கே ஓடுகிறார்கள். பதிவு ஒரு நாள் வேலை. உங்கள் பொருள் குளிர்பதனத்தில் இருக்க வேண்டியது, எனவே முதலில் கிடங்கைப் பாருங்கள். மூன்று தலைநகரங்களையும் ஒரே நாளில் லாரியில் தொடக்கூடிய இடம் ரீகா சுற்றுவட்டாரம். லேபிளை முதல் அச்சிலேயே மூன்று மொழியில் போடுங்கள், ஒரு நாட்டில் விற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று எண்ண வேண்டாம். பானம் எதையும் முதல் ஆண்டில் சேர்க்காதீர்கள். மொழிபெயர்ப்பை எஸ்டோனிய மொழிக்கு எஸ்டோனியரிடமே கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி ஒட்டிய ஒரு சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்த நிறுவனம் ஒன்றை எனக்குத் தெரியும். மாவின் சேர்மானப் பட்டியலை அனுப்புங்கள், ஒவ்வாமைப் பகுதியை எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.